ஜானுக்கு அப்பா யார்? மாமனார் விட்டுப்போன வம்சாவளியைச் சரிபார்த்த பதிவு

மாமனார் இறந்து ஓராண்டு கழித்து அவருடைய அறையை ஒழித்தபோது, அலமாரியின் மேலே ஒரு நீளமான அட்டைக் குழாய் கிடைத்தது. உள்ளே சுவரில் வால்பேப்பருக்கு அடியில் ஒட்டுகிற தடித்த வெள்ளைத் தாள், சுருட்டி வைத்திருந்தது. சாப்பாட்டு மேசை அதற்குப் போதவில்லை. கூடத்துத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் புத்தகங்களை வைத்து அழுத்தி, எல்லோரும் முட்டிபோட்டு உட்கார்ந்து படித்தோம். அடியில் என் கணவரும் அவர் தம்பியும். அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டே போய், 1561-இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு வில்லியமில் முடிகிறது. பதினான்கு தலைமுறை. எல்லாரும் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், நார்விச் நகருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரையும் அதைச் சுற்றியும் வாழ்ந்தவர்கள்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போய் இருபது வருடம் ஆகிறது. அத்தைக்கு அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று ஆசை. சரி என்று கடைக்கு எடுத்துப்போகச் சுருட்டும்போதுதான் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். மாமனாரின் கையெழுத்து: "1700-க்கு முந்தையது நான் நேரில் பார்த்ததல்ல. வந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்." முன்பக்கத்தில், 1652 என்று போட்டிருந்த ஒரு ஜானுக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு கேள்விக்குறி.

எழுபதுகளில் தூரத்து உறவினர் ஒருவர் மேற்பகுதியைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மாமனாருக்குக் காலம் கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்குறி என்னைத் தூங்கவிடவில்லை. சட்டம் போடுவதைத் தள்ளிவைக்கச் சொன்னேன். எட்டு மாத வார இறுதிகள் இதற்கே போயின.

முதலில் ஒரு விதி வைத்துக்கொண்டேன். தாளில் இருக்கிற எதையும் நம்புவதில்லை. அடியிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுவது. ஒவ்வொரு படியிலும் மூலப் பதிவேட்டின் படத்தை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஓர் உறவு: "இவர் இவருக்கு மகன்" என்று. ஆள்களை வரிசைப்படுத்தாமல் உறவுகளை வரிசைப்படுத்தியது பிற்பாடு ரொம்பக் கைகொடுத்தது. ஓர் ஆள் இருந்தார் என்பதில் பெரும்பாலும் சந்தேகமே வருவதில்லை. அவர் யாருக்குப் பிறந்தவர் என்பதில்தான் தவறு நடக்கிறது.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் அரசே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிவுசெய்தது. அந்த ஆண்டு வரை பின்னோக்கித் தேடியது ஒரே மாலையில் முடிந்துவிட்டது. அரசுப் பதிவகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் வருவதால் ஆள் மாறாது. 1813-க்குப் பிறகான பாரிஷ் பதிவேடுகளும், அதாவது ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் தன் எல்லைக்கு வைத்திருந்த ஏடுகளும், சிரமமில்லை. அச்சிட்ட படிவத்தில் அப்பாவின் தொழிலும் வசித்த இடமும் இருக்கும். எங்கள் ஆள்கள் எல்லாரும் விவசாயக் கூலிகள், ஒருவர் மட்டும் சக்கரம் செய்பவர். 1754 மார்ச் 25-க்குப் பிறகான திருமணங்களில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்தோ அடையாளக் குறியோ இட வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒரே பெயரில் இரண்டு வில்லியம்கள் இருந்தாலும் கையெழுத்தை வைத்துப் பிரிக்க முடிந்தது.

இந்தப் பகுதியில் ஒரே ஒரு திருத்தம். தாளில் மூன்று குழந்தைகளுக்கு 1783 செப்டம்பர் 28 என்று ஒரே தேதி போட்டு, பக்கத்தில் "ஒரே பிரசவம்" என்று எழுதியிருந்தது. பதிவேட்டைத் திறந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குழந்தைகள் மட்டுமில்லை, ஊரில் பாதிக் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். காரணம் வரி. 1783 அக்டோபர் 1 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி வந்தது. ஏழை வீடுகள் அதற்கு முந்தைய ஞாயிறுகளில் விட்டுப்போன பிள்ளைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கின்றன. பக்கத்து ஊர்ப் பதிவேட்டிலும் அந்த மாதம் இதே கூட்டம். பெற்றோரின் திருமணம் 1776. மூவரில் மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவனுக்கு இரண்டு என்பது பின்னாளைய அடக்கப் பதிவுகளில் போட்டிருந்த வயதிலிருந்து தெரிந்தது. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கும் சொல்வார்கள். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

1700-க்கு முன்னே போனதும் எழுத்தே வாசிக்க வரவில்லை. அந்தக் காலத்து ஊர்ப் பாதிரியார்கள் எழுதியது செக்ரட்டரி ஹேண்ட் என்கிற கையெழுத்து முறை. அதில் 'ஈ' முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும், 'சி' பார்க்க 'ஆர்' போல இருக்கும், 'எச்' கோட்டுக்குக் கீழே வாலை நீட்டும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழங்கையெழுத்துப் பாடத்தில் மூன்று வாரம் பழகினேன். ஆனால் உண்மையில் உதவியது வேறு. ஒவ்வொரு பாதிரியாருக்கும் தனி அரிச்சுவடி தயாரித்தேன். பதிவேட்டில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் உண்டு: "மகன்", "மகள்", "ஞானஸ்நானம் பெற்றது", மாதப் பெயர்கள். அர்த்தம் உறுதியாகத் தெரிந்த அந்தச் சொற்களிலிருந்து எழுத்துகளை வெட்டி எடுத்து, ஒரே பக்கத்தில் ஒட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். புரியாத பெயர் வந்தால் அந்த அரிச்சுவடியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவேன். பாதிரியார் மாறினால் அரிச்சுவடியும் மாறும்.

பெயர்கள் பல இடத்தில் லத்தீனில் இருக்கும். ஜான் யோஹன்னெஸ் ஆவார், ஜேம்ஸ் யாகோபஸ், கைல்ஸ் ஏகிடியஸ். இன்னொரு கண்ணி மாதங்கள். 1684-இல் ஞானஸ்நானம் பெற்ற தாமஸுக்குத் தாளில் ஜூலை 21 என்று இருந்தது. பதிவேட்டில் 7 என்ற எண்ணும் அதன் பின்னால் 'பெர்' என்ற ஒட்டும். ஏழாம் மாதம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அது செப்டம்பர். லத்தீனில் ஏழு செப்டெம், எனவே 7பெர். அதே கணக்கில் 8பெர் அக்டோபர், 10பெர் டிசம்பர். ஆண்டு மார்ச்சில் தொடங்கிய காலத்து எண்ணிக்கை அது.

அந்த மார்ச் கணக்குதான் மாமனாரின் கேள்விக்குறிக்கும் சாவி.

தாளின்படி தாமஸின் அப்பா ஜான், அம்மா மார்கரெட். ஜானின் அப்பா ராபர்ட். ஜானின் ஞானஸ்நானம் 1652 பிப்ரவரி 13. பதிவேட்டின் படத்தில் அது தெளிவாகவே இருக்கிறது: ராபர்ட்டின் மகன் ஜான். அடக்கங்களை அந்தப் புத்தகத்தில் பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி எழுதியிருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தேன். 1652 நவம்பர், ராபர்ட்டின் மகன் ஜான், அடக்கம்.

ஒன்பது மாதக் குழந்தை செத்துவிட்டதென்றால் அது வளர்ந்து கல்யாணம் செய்து தாமஸைப் பெற்றிருக்க முடியாது. மாமனாரும் இந்த இரண்டு வரிகளையும் எங்கோ நகலில் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் கேள்விக்குறி. அன்று இரவு அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதே பக்கத்தை மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தேன், தேடிய வரியை மட்டும் பார்க்காமல். நவம்பர் 1652, டிசம்பர் 1652, ஜனவரி 1652, பிப்ரவரி 1652, பிறகு மார்ச் 25-இல் 1653 என்று புது ஆண்டு. அப்போதுதான் உறைத்தது. இங்கிலாந்தில் 1751 வரை ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி 1-க்கு மாறியது 1752-இல்தான். 1652 நவம்பர் முதலில் வருகிறது, 1652 பிப்ரவரி அதற்கு மூன்று மாதம் பின்னால். நம் கணக்கில் அது 1653 பிப்ரவரி. அடக்கமான ஜான் வேறு, அவனுக்குப் பிறகு பிறந்த இந்த ஜான் வேறு. மூத்தவன் இறந்ததும் அடுத்துப் பிறந்தவனுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அன்று இங்கே அது சாதாரண வழக்கம். முந்தைய ஆண்டுகளில் தேடியபோது முதல் ஜானின் ஞானஸ்நானமும் கிடைத்தது, 1650-இல்.

நம் ஊரில் தாத்தா பெயரைச் சுமப்பவன் பெயரன், அதுதான் பேரன் ஆனது. பெயரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஆசை எனக்குப் புதிதல்ல. ஆனால் இறந்த குழந்தையின் பெயரை மூன்றே மாதத்தில் அடுத்த குழந்தையைப் பார்த்துக் கூப்பிட்ட அந்தத் தாயை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டில் அவள் பெயர்கூட இல்லை. அப்பா பெயர் மட்டும்தான்.

சரி, கேள்விக்குறி தீர்ந்தது என்று மகிழ்ச்சியாகக் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "இந்த ஜான் சாகவில்லை என்று தெரிகிறது. ஆனால் மார்கரெட்டைக் கட்டிக்கொண்ட ஜான் இவர்தான் என்று எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. 1679-இல் நடந்த அந்தத் திருமணத்தின் பதிவில் இரண்டு பெயர், ஒரு தேதி, அவ்வளவுதான். வயது இல்லை, அப்பா பெயர் இல்லை. தாளில் அந்த உறவு உட்கார்ந்திருந்ததற்கு ஒரே காரணம், அதே ஊரில் பொருத்தமான வயதில் அந்தப் பெயரில் ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது என்பதுதான்.

அதனால் வட்டத்தைப் பெரிதாக்கினேன். நார்ஃபோக்கில் இடைக்காலத் தேவாலயங்கள் மட்டும் 650-க்கு மேல். ஒரு கோபுரத்தின் அடியில் நின்றால் அடுத்த கோபுரம் தெரிகிற நெருக்கம். ஒரு பாரிஷோடு நிறுத்திக்கொள்வது இங்கே அர்த்தமில்லை. சுற்றிலும் ஒன்பது பாரிஷ்களை எடுத்துக்கொண்டேன். பெரும்பாலானவற்றின் படங்கள் ஃபேமிலிசர்ச் என்கிற வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அட்டவணையைத் தொடாமல் 1640 முதல் 1680 வரை பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

அந்தக் காலம்தான் பதிவேடுகளுக்கு மிக மோசமான காலம். 1642-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பல ஊர்களில் எழுதுவதே நின்றுபோனது. 1653 செப்டம்பர் 29 முதல் பதிவுப் பொறுப்பை ஊராரே தேர்ந்தெடுத்த ஓர் அலுவலரிடம் கொடுத்தார்கள். அவர் ஞானஸ்நானத்துக்குப் பதில் பிறப்பை எழுதினார். திருமணமும் நீதிபதி முன்னால்தான். 1660-இல் மன்னர் திரும்பியதும் பழையபடி பாதிரியார் கை. கிழக்கே அடுத்த ஊரில் 1644-க்கும் 1653-க்கும் நடுவே ஒரு வரிகூட இல்லை. அங்கே எங்கள் வீட்டுப் பெயரோடு எட்மண்ட் என்று ஒருவர். 1654-க்குப் பிறகு அவருக்கு மூன்று பெண் குழந்தைகள் பதிவாகியிருக்கிறார்கள். அதற்கு முன் பிள்ளைகள் இருந்திருந்தால் அந்தப் பத்தாண்டு இடைவெளிக்குள் மறைந்திருப்பார்கள்.

அதே புரட்டலில்தான் 1676-இன் அந்த வரி கண்ணில் பட்டது. மேற்கே இன்னொரு ஊரின் அடக்கப் பதிவேடு: ராபர்ட்டின் மகன் ஜான், கல்யாணமாகாதவர். ராபர்ட் எந்த ஊர்க்காரர் என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார் அந்தப் பாதிரியார். எங்கள் ஊர்தான். சுற்றியுள்ள ஒன்பது பாரிஷிலும் ராபர்ட்டுக்குப் பிறந்த வேறு ஜான் இல்லை.

எங்கள் வீட்டுப் பெயர் 'எஃப்' எழுத்தில் தொடங்கும். பழைய கையெழுத்தில் பெரிய 'எஃப்'பைத் தனியாக எழுதமாட்டார்கள். இரண்டு சின்ன 'எஃப்'களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். நடுக்கோடு இரண்டையும் சேர்த்துவிட்டால் பார்ப்பவருக்கு 'எச்' மாதிரி தெரியும். அட்டவணை தயாரித்தவர் அப்படித்தான் படித்திருக்கிறார். ஐம்பது வருடமாக அந்த வரி 'எச்'-இல் கிடந்திருக்கிறது. என் அரிச்சுவடித் தாளோடு நான்கு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்தேகமில்லை, எங்கள் பெயர்தான்.

1676-இல் கல்யாணமாகாமல் இறந்தவர் 1679-இல் மார்கரெட்டைக் கட்டியிருக்க முடியாது. ராபர்ட்டும் அவருக்கு மேலே 1561 வரை இருந்தவர்களும் ஒரே வரியில் எங்கள் கிளையிலிருந்து கழன்றுவிட்டார்கள்.

அப்படியானால் ஜானுக்கு அப்பா யார்? பாரிஷ் பதிவேடு இதற்கு மேல் வாய்திறக்காது என்று தெரிந்தது. நிலம் பேசும். அந்தக் காலத்து ஏழை எளியவர்கள்கூடக் கொஞ்சம் காப்பிஹோல்ட் நிலம் வைத்திருப்பார்கள். அதாவது பண்ணைப் பிரபுவின் மேனர் நீதிமன்ற ஏட்டில் பெயர் ஏற, அந்தப் பதிவின் நகலே பட்டாவாகக் கையில் கிடைக்கும் நிலம். வைத்திருந்தவர் இறந்தால் வாரிசு மேனர் நீதிமன்றத்தில் ஆஜராகி, கட்டணம் கட்டி, ஒரு கோலைக் கையில் பிடித்து நிலத்தை ஏற்றுக்கொள்வார். யாருக்கு யார் வாரிசு என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் மேனர் ஆவணப் பட்டியலில் தேடினேன். எங்கள் மேனரின் ஏடுகள் நார்விச்சிலேயே, நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இருந்தன.

அந்தக் காப்பகத்தை நினைக்கும்போதெல்லாம் மனது நெகிழ்கிறது. 1994 ஆகஸ்ட் 1 அன்று நார்விச் மைய நூலகம் தீப்பிடித்து எரிந்தபோது இந்த ஆவணங்கள் அதே கட்டடத்தின் நிலவறையில் இருந்தன. தண்ணீரில் நனைந்தும் பிழைத்தன. 2003-இல் கவுண்டி ஹால் பக்கத்தில் இப்போதைய கட்டடத்துக்கு வந்தன. அன்று தீ இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் ஜானுக்கு அப்பா யார் என்று கேட்க யாரிடமும் போயிருக்க முடியாது.

பேனாவுக்கு அங்கே அனுமதியில்லை, பென்சில்தான். நுரை மெத்தைமேல் ஏட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கங்கள் மடங்காமலிருக்க ஈயக் குண்டுகளைத் துணிக்குள் கோத்த நீளமான சரடு ஒன்று. தோல் தாள் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் லேசாகச் சொரசொரப்பு. முடியிருந்த பக்கத்தில் மயிர்க்கால்களின் புள்ளிகள்கூடத் தெரிகின்றன. எல்லாம் லத்தீன். 1733-இல்தான் நீதிமன்ற ஏடுகள் ஆங்கிலத்துக்கு மாறின. ஆனால் வாக்கியங்கள் வாய்பாடு மாதிரி ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு மணிநேரத்தில் எங்கே பெயர் வரும், எங்கே உறவு வரும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டது.

1722-இன் பக்கம் முதலில் கிடைத்தது. ஜானும் அவர் மனைவி மார்கரெட்டும் பெற்ற மகனும் வாரிசுமான தாமஸ், ஒரு குடிசையையும் மூன்று ஏக்கரையும் ஏற்றுக்கொள்கிறார். ஜான் முந்தைய நவம்பரில் அடக்கமானதைப் பாரிஷ் பதிவேட்டில் ஏற்கெனவே பார்த்திருந்தேன், சரியாகப் பொருந்தியது. அந்த நிலம் எப்படி வந்தது என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லியிருந்தார் எழுத்தர்: முன்பு எட்மண்டுக்கு உரியது. விரல் நடுங்கியது. பின்னோக்கிப் புரட்டி 1687-க்கு வந்தேன்.

யோஹன்னெஸ், பிறகு எங்கள் வீட்டுப் பெயர், இரண்டு சின்ன 'எஃப்'களோடு. ஃபிலியுஸ் எட் ஹேரெஸ் எட்முந்தி. எட்மண்டின் மகனும் வாரிசும். அதே குடிசை, அதே மூன்று ஏக்கர்.

பதிவேட்டின் இடைவெளிக்குள் மறைந்திருந்த பிள்ளை ஜான்தான். அவருக்கு ஞானஸ்நானப் பதிவு கிடையாது, இனிக் கிடைக்கவும் போவதில்லை. ஆனாலும் இந்த உறவுக்கு எக்செல்லில் பச்சை போட்டேன். தாளில் இருந்த மற்ற எந்த உறவையும்விட இதை உறுதியாக நம்புகிறேன்.

அத்தையிடம் சொல்லப் போனபோது ஏட்டின் படங்களை அச்செடுத்துக் கொண்டுபோனேன். மூன்று தலைமுறை போகிறது என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசனை. 1652-இன் இரண்டு ஜான்களைப் பற்றி நான் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். 1676 வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அவருக்கு இது தெரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்," என்றார். "அந்தக் கேள்விக்குறியை அவர் ஒரு மழைநாளில் போட்டார். பக்கத்தில்தான் இருந்தேன்." பிறகு ராபர்ட்டின் பெயரை அழிக்கக் கூடாது என்றார். எங்கள் ஆள் இல்லையென்றாலும் அந்த ஊரில் இருந்தவர், அந்த இரண்டு குழந்தைகளும் இருந்தவர்கள். அதனால் அவர்களைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதிவைத்தோம், கோடு எதுவும் இழுக்காமல்.

இப்போது எட்மண்டுக்கு மேலே வெற்றிடம். அவர் பிறந்திருக்கக் கூடிய 1620களுக்கு அந்தக் கிழக்கூரின் பதிவேடே பிழைக்கவில்லை. ஆனால் பதிவேட்டை ஆண்டுதோறும் நகலெடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி 1598-லிருந்தே உண்டு. நார்விச் மறைமாவட்டத்தில் பெரும்பாலான ஆண்டுகள் அது பிஷப்புக்கு அடுத்த நிலையில் இருந்த ஆர்ச்டீக்கனுக்குப் போகும். அந்த நகல்கள் தனித்தனித் தோல் துண்டுகளாக, ஆண்டுவாரியாக இருக்கின்றன. காப்பகத்தில் அவற்றின் மைக்ரோஃபிலிமை இதுவரை 1621 முதல் 1624 வரை பார்த்துவிட்டேன். 1623-இன் துண்டு பாதி கிழிந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமைக்கு இடம் பதிவுசெய்திருக்கிறேன். அத்தையும் வருகிறார், புது பென்சிலோடு.